நீலம் போட்ட வெள்ளைப் பலகை

என் உசுரான அப்பாவுக்கு,

பூண்டு எடுத்தாச்சு. அம்மா இப்போது ஒரு வேளையாவது சாப்பிடுகிறாள். காய்ச்சலோடு உங்களைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பஸ்ஸில்கூட நான் சொல்லாததை இன்று எழுதுகிறேன்.

செயற்கைக்கோள் நம் பூம்பாறைக்கு மேலே போகும் நேரத்தில், பூண்டு வயலில் பட்டுத் திரும்பும் வெயிலை, அதற்கென்று வரும் ஆபீசர் கீழேயிருந்து அளப்பார். முதலில் வெள்ளைப் பலகையை அளப்பார், பிறகு வயலை. மேலே இருக்கும் கண் சரியாகப் பார்க்கிறதா என்று அதை வைத்துத்தான் சொல்வார்களாம். பலகையை நம் வீட்டில் வைத்துக் காப்பது உங்கள் சோலி. "வெள்ளை கொறையக் கூடாதாம் தாயி" என்று மட்டும் சொன்னீர்கள்.

நீங்கள் வத்தலக்குண்டு போயிருந்த அன்று அதன் மூலையில் சேறு பட்டிருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், பழுப்பாகிவிட்டது. உங்கள் வேட்டிக்குப் போடுவது போல நீலம் கரைத்துப் பலகை முழுவதும் பூசினேன். காய்ந்ததும் பளிச்சென்று இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு நான் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.

ஒரு மாதம் கழித்து ஆபீசர் ஒரு புதுப் பலகையோடு வந்தார். படமும் அளவும் ஒத்துவரவில்லையாம். புதுப் பலகையைப் பக்கத்தில் வைத்ததும் நம்முடையது நீலமாகத் தெரிந்தது.

"யாரு அண்ணே இப்படிப் பண்ணது?"

கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தீர்கள்.

"நாந்தாங்க. வேட்டின்னு நெனச்சுட்டேன்."

"அப்படியே கஞ்சியும் போட்டிருக்கலாமே பெரியவரே" என்றார் ஜீப் டிரைவர். நீங்களும் சிரித்தீர்கள். அளந்ததை எல்லாம் தள்ளிவிட்டு, உங்களையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஊர் உங்களை நீலக்காரர் என்றது. என்னிடம் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? ஒரு அடி அடித்திருக்கக் கூடாதா?

போன வாரம் ஆபீசர் துக்கம் கேட்க வந்தார். "நீலம் போட்டது நான், சார்" என்றேன். அதற்கு அவர் சொன்னது இதுதான்.

"மேல இருக்கிற கண்ணும் மங்கித்தாம்மா போயிருந்துச்சு. புதுப் பலகை வெச்சு அளந்தப்பதான் தெரிஞ்சது. ஒங்கப்பா காத்த பலகைய வெச்சு எடுத்த கணக்கு கெடாம இருந்திருந்தா, அப்பவே கண்டுபிடிச்சிருப்போம்."

அதைக் கண்டுபிடிக்க உதவிய பேர் உங்களுக்கு வந்திருக்க வேண்டியது, அப்பா. நான்தான் அழித்துவிட்டேன்.

சாவு வீட்டிலும் உங்களை நீலக்காரர் என்றுதான் சொன்னார்கள். நாளை வெள்ளனே, முதல் பஸ்ஸுக்கு ஆட்கள் கூடும் இடத்துக்குப் போய், பூசியது நான் என்று சொல்வேன். எனக்குக் குரல் நடுங்கும். நடுங்கினாலும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன்.

நீங்கள் காட்டிக்கொடுக்காத மகள்,
செல்வி