சல்லடையில் நின்ற கப்பி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், மருந்துப் புட்டியைப் பார்த்தாலே குறைந்துவிடும் என்று நினைக்கிறாளோ என்னவோ, திறப்பதேயில்லை. அப்பா குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று போனில் கேட்டாயே, அம்மா பக்கத்தில் இருந்ததால் மழுப்பிவிட்டேன்.

எங்கள் தானிய ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா உன் வயதுதான். நார்ச்சத்தைக் கூட்டும் மரபணு ஒன்றைக் கோதுமைக்குள் கொண்டுவர எட்டு வருஷமாகக் கலப்புச் செய்து நாற்பது ரகம் எடுத்திருந்தார். மணியை அரைத்து, சலித்து, நாரை அளந்து சொல்வது என் வேலை. அந்த மணிகள் கல் மாதிரி, ஒரே அரைப்பில் மசியாது. தோலும் குருணையுமாகச் சல்லடையில் நிற்கும் கப்பியைத் திரும்ப அரைத்து மாவோடு சேர்க்க வேண்டும், நார் முக்கால்வாசி அந்தத் தோலில்தான் இருக்கிறது. முப்பத்தொரு வருஷமாக இந்த வேலை பார்க்கிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் தோள்பட்டை வலி, ஓய்வு பெற இரண்டு மாதம்தானே என்ற அலுப்பு, மூன்று வாரம் கப்பியைக் குப்பைக் கூடையில் கொட்டிவிட்டேன். சாதாரணக் கோதுமைக்கு வரும் அளவுகூட அவர் ரகங்களுக்கு வரவில்லை. மரபணு வேலை செய்யவில்லை, விதையைக் கழித்துவிடுங்கள் என்று இயக்குநர் எழுதிவிட்டார். எழுதுவதற்கு முன் மறுபடி அளக்கலாமா என்று அவர் கேட்டதற்கு, "வேணாம் சார், அண்ணன் கை தப்பாது" என்று டாக்டரம்மாவே சொன்னார். நான் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி பக்கத்தில் நின்றேன்.

செவ்வாய்க்கிழமை அவர் கழித்துப்போட விதைப் பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். போய்க் கப்பியைக் கொட்டியதைச் சொல்லிவிட்டேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "இத்தனை நாளா என் எட்டு வருஷத்தையே சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பைகளைத் திரும்ப உள்ளே அடுக்கினார். நாற்பதையும் மறுபடி அரைக்கிறேன். பன்னிரண்டு முடிந்தது, ஒன்பதில் நார் நன்றாக ஏறியிருக்கிறது. எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? இனி நான் சலிக்கும்போது ஒருவர் கூட நின்று பார்க்க வேண்டும் என்று உத்தரவு. டாக்டரம்மாவே வந்து நிற்கிறார். முன்பெல்லாம் வந்தால் உன்னைப் பற்றி விசாரிப்பார். இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை, சல்லடையைத்தான் பார்க்கிறார். நியாயம்தான், இருந்தாலும் வலிக்கிறது.

நீயும் வேலை பார்க்கிறவள். தப்பு நேர்ந்தால் அன்றைக்கே சொல்லிவிடம்மா, நாள் போகப் போக வாய் கனத்துவிடும். இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது இதைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே. தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், அவர் கை தப்பாது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளிடமும் நானே சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா