பெயர் போடாத பார்சல்கள்

ஒக்கலிபுரம், பெங்களூரு
ஜனவரி 18, ஞாயிறு

அன்புள்ள சி. சஹானாவுக்கு அம்மா எழுதுவது.

க்ஷேமம் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். உடம்பளவில் இங்கே இரண்டு பேரும் க்ஷேமம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. என் முழங்கால் எப்போதும் போல.

கீழ் வீட்டு ஷில்பா புதன்கிழமை ஹாம்பர்க் திரும்புகிறாள். அவள் பெட்டியில் இடம் கேட்டுச் சாத்தமுதுப் பொடியும் கொஞ்சம் புளிக்காய்ச்சலும் வைத்திருக்கிறேன். கடிதத்தை அவள் கையிலேயே கொடுக்கிறேன். மெயிலில் எழுதியிருக்கலாமே என்பாய். என் மெயில், வாட்ஸ்அப் எல்லாம் அப்பாவின் கம்ப்யூட்டரில்தான் திறந்தே கிடக்கின்றன. போன் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். அவருக்குத் தெரியாமல் உனக்கு ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இந்த வீட்டில் காகிதம்தான் மிச்சம்.

அப்பாவுக்கு வேலை போய்விட்டது. நவம்பர் கடைசியோடு. வீட்டிலிருந்தே வேலை என்று உன்னிடம் சொன்னோமே, அது சும்மா. அடுகோடி ஆபீஸில் ஷால் போர்த்தி, பழக்கூடை கொடுத்து, மேனேஜர் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னு ரெஸ்ட் தொகொள்ளி சார், இனிமேல் ஓய்வெடுங்கள் என்றாராம். ஐம்பத்தாறு வயதில் ரெஸ்ட். பழத்தைக் கீழ் வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் கொடுத்துவிட்டேன். ஷால் பீரோவில் இருக்கிறது. எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அன்றைக்கு இட்லிக்கு நனைத்திருந்தேன், அதை அரைத்து வைத்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.

காலையில் குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு பேப்பரோடு உட்காருகிறார். பக்கம் திருப்புகிற சத்தமே வருவதில்லை. பின்னால் ரயில் போனால் முன்பெல்லாம் மைசூர் வண்டி இன்றைக்கும் லேட் என்று ஏதாவது சொல்வார். இப்போது அது பாட்டுக்குப் போகிறது. போன வாரம் நான் ஞாபகமில்லாமல் குழம்பில் உப்பே போடவில்லை. சாப்பிட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார். உன் அப்பாவைத் தெரியுமே, உப்பு ஒரு கல் குறைந்தால் என் பிறந்தகம் வரைக்கும் போய் வருகிறவர். நானும் அதே குழம்பைத்தான் சாப்பிட்டேன். இரண்டாம் சாதம் பிசையும்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஏன் போயிற்று என்று கேட்பாய். அந்த லாரி பார்சல் கம்பெனியின் கணக்கெல்லாம் இருக்கிற டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வதுதானே இத்தனை வருஷமாக அவர் வேலை. வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் கட்டுகிற சாமான். அதற்காக எழுதின புரோகிராம் வேறு எதிலும் ஓடாது என்பதால் கம்பெனிக்கு அதையும் விட வழியில்லை, அப்பாவையும் விட வழியில்லை. இப்போது இலவசமாகக் கிடைக்கிற ஒன்றுக்கு மாறிவிட்டார்கள். பழைய புரோகிராமை ஓரெழுத்து மாற்றாமல் அது அப்படியே ஓட்டுகிறதாம். பார்த்துக்கொள்ளப் புனேயில் யாரோ இருக்கிறார்களாம். எந்த டேட்டாபேஸ் என்று கேட்காதே. உங்களுடையதுதான். அதிலும் பழைய புரோகிராம்களோடு ஒத்துப்போக வைக்கிற பகுதி, நீ எழுதுகிறாயே அது.

உன்னைக் குற்றம் சொல்ல உட்காரவில்லை. மேலே படி.

இரண்டு வருஷம் முன்னால் நீ வந்திருந்தபோது நடந்தது ஞாபகம் இருக்கும். இந்த ஓசிச் சரக்கெல்லாம் காலேஜோடு சரி, ஓர் ஆபீஸில் ஒரு நாள் தாங்காது என்றார். காசு கொடுத்துச் சிறையில் உட்கார்ந்திருப்பது உங்கள் ஆபீஸ்தான் என்று நீயும் சொன்னாய். இரண்டு பேருக்கும் மூக்குக்கு மேல் கோபம். அதற்கப்புறம் வேலையைப் பற்றி நீங்கள் பேசிக்கொண்டதில்லை. நான் நடுவில் வெயில், மழை, சர்க்கரை என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்டில் போனில் சொன்னாயே, பெங்களூரிலிருந்து டென்சில் என்று ஒருத்தர் உங்கள் இணையப் பக்கத்தில் எழுதுகிறார், முகம் தெரியாது, எங்கே இடிக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுகிறார், அவர் இல்லாவிட்டால் நாங்கள் தொலைந்தோம் என்று. அப்பா தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே, வேலையில்லாத கிழவனாக இருக்கும் என்றார். உனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைக்கு அவர் மோர்மிளகாய் இன்னும் இரண்டு போடு என்று கேட்டு வாங்கிக்கொண்டார். என்ன இவ்வளவு உற்சாகம் என்று பார்த்தேன்.

போன ஞாயிறு போனில், அந்த டென்சில் இரண்டு மாதமாகக் காணோம், நலமா என்று கேட்டு எழுதினேன், அதற்கும் பதில் இல்லை, உடம்பு சரியில்லையோ என்னவோ என்று கவலைப்பட்டாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. இப்போது கூடத்தில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

எனக்கே பொங்கலுக்கு மறுநாள்தான் தெரியும். பேப்பரை விரித்து இரண்டு பேரும் அவரேகாய் உரித்துக்கொண்டிருந்தோம். பேச்சு எப்படி வந்ததோ, தலையை நிமிர்த்தாமலே சொன்னார். அவரோடு முன்பு வேலை பார்த்துவிட்டு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போன டென்சிலின் பெயரைத்தான் அப்பா போட்டுக்கொண்டாராம். கேட்டுத்தான் வாங்கினாராம். சொந்தப் பெயரில் எழுதினால் நீ ஜெயித்துவிட்டதாக ஆகிவிடும் என்று நினைத்திருப்பார். அதை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

மாறுவதற்கு முன்னால் ஆபீஸில் ஒரு மாதம் பழையதையும் உங்களுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கணக்கும் ஒத்து வந்தால் மாறிவிடலாம், வராவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் ஒத்து வரவில்லை. சில பார்சலில் வாங்குகிறவர் பெயரை எழுதாமல் விட்டுவிடுவார்கள் இல்லையா? எழுதாத இடத்தைப் பழைய சாஃப்ட்வேர் பெயர் தெரியாது என்று எடுத்துக்கொள்ளுமாம். உங்களுடையது அதையும் ஒரு பெயர் என்றே வைத்துக்கொள்ளுமாம், எழுத்தே இல்லாத ஒரு பெயர். அதனால் பெயர் தெரியாத பார்சல் எத்தனை என்று கேட்டால் பழையது எண்ணிச் சொல்கிறது, உங்களுடையது ஒன்றுமில்லை என்கிறது. கோடவுனில் கூரை வரைக்கும் கிடக்கிறது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். நீ தலையில் அடித்துக்கொள்ளாதே.

இதைப் பார்த்தது அப்பா ஒருத்தர்தான். மாடிக்குப் போய் முதலாளியிடம் ஒத்து வரவில்லை என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் போதும். பொய்கூட இல்லை. வேலை இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. டென்சிலாக உனக்கு எழுதினார். நீ அந்த வாரமே சரிபண்ணிக் கொடுத்து, நன்றி என்று நாலு வரி வேறு எழுதினாயாம். அப்புறம் கணக்கு ஒத்து வந்தது.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். தப்பாக எண்ணுகிறது என்று தெரிந்தும் எப்படி விடுவது, நாளைக்கு இன்னொரு ஆபீஸில் இதை நம்பி எவனாவது உட்கார்ந்திருப்பான் என்றார். இன்னும் ஒரு பிடி காயை உரித்துவிட்டு, அந்தப் பகுதிக்குக் கீழே நம் குழந்தை பெயர் போட்டிருக்கிறது என்றார். தோலையெல்லாம் கூட்டி எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்தார்.

என் மேல் யாராவது தண்ணீரைக் கொட்டினால்கூடத் தெரியாது போல இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

சஹானா, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. லீவு போட்டுவிட்டு ஓடி வராதே. மன்னிப்புக் கேட்காதே. கேட்டால் அதனால் என்ன என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பரை எடுத்துக்கொள்வார். தினம் காபி குடித்ததும் உங்கள் பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்க்கிறார், பிறகு மூடிவிடுகிறார். ஆபீஸ் இல்லாமல் எதை வைத்துச் சோதிப்பது என்று கேட்கிறார். அதற்கு ஒரு வழி உனக்குத்தான் தெரியும்.

டென்சிலுக்கு எழுது. நலமா என்று கேட்காதே, அதற்கு அவர் பதில் போடமாட்டார். இன்னது சரியாக வரவில்லை, எங்களுக்குப் பிடிபடவில்லை என்று எழுது. தப்பு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அந்த மனுஷரால் சும்மா உட்கார முடியாது. அதனால்தான் இன்றைக்கு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருந்தாலும் அதனால்தான் எழுந்திருப்பார்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும். பெருமாள் கிருபையில் நீ செய்கிற அந்த டேட்டாபேஸில் இன்னும் நிறையத் தப்பு இருக்கட்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா