பருத்தி மட்டும்

பெர்மாஸ் ஜெயா
4.3.2025

அன்புள்ள மலருக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, எதுவானாலும் எழுதி அனுப்புங்கள் என்றாய். எழுதிவிட்டேன். அழுக்குத் துணிப் பையில் வைத்து வேன்காரன் சின்னத்தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவன்தான் வாராவாரம் நம் ஊர் சாஆவுக்கு வருகிறானே.

வைத்தியத்துக்காகத் தம்பி சோமு வீட்டுக்கு வந்தும் கால் புண் அப்படியேதான் இருக்கிறது. இந்த ஆக்சிஜன் வைத்தியத்தில் ஆறினால் உண்டு, இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். சர்க்கரைக்காரன் தலையெழுத்து.

டேங்கர் லாரியின் தொட்டி மாதிரி ஓர் இரும்பு அறை. ஆறு பேரை உள்ளே உட்காரவைத்து, கதவைப் பூட்டி, காற்றை அழுத்தி, முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். காது அடைக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், உடுப்புத்தான் பெரும்பாடு. முதல் நாள் வெள்ளிக்கிழமையாயிற்றே என்று தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் போனேன். அங்கே நர்ஸாக இருக்கிற கஸ்தூரி மிஸ்ஸி திருப்பி அனுப்பிவிட்டாள். "எண்ணெய் வேணாம் அங்கிள், செண்ட் வேணாம், நைலான் வேணாம். துணி உரசி ஒரு பொறி வந்தா போதும், ஆக்சிஜன்ல குப்புன்னு பத்திக்கும்" என்றாள். திங்கட்கிழமை கைலி கட்டிப் போனேன். அதிலும் பாலியெஸ்டர் கலந்திருக்கிறதாம். அங்கே கொடுக்கிற உடுப்போ இடுப்பில் நிற்கவே மாட்டேன் என்கிறது. சுத்தப் பருத்தியில் ஏதாவது இருந்தால் அனுப்பு.

இப்படிக்கு,
அர்ச்சுனன்


சாஆ
9.3.2025

லோஷினி அப்பாவுக்கு மலர் எழுதுவது.

பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல் இல்லாத இந்த நோன்பு மாசத்திலும் எனக்கு ஓய்வில்லை. பாத்திரமெல்லாம் இறக்கித் தேய்க்கச் சொல்லிவிட்டார்கள். முதுகு இரண்டாகிறது. அதோடு வந்து உட்கார்ந்து உங்கள் தைப்பூச வேட்டிகளைக் கிழித்து இரண்டு சட்டையும் இரண்டு கால்சட்டையும் தைத்தேன். பட்டன் கிடையாது, ஜிப் கிடையாது, எல்லாம் துணி நாடாதான். வாசனைச் சலவை நீர் ஊற்றாமல் அலசியிருக்கிறேன். தையல் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அங்கே உங்களை மாப்பிள்ளை பார்க்க யாரும் வரப்போவதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். எண்ணெயைப் பற்றி எழுதினீர்கள், கைலியைப் பற்றி எழுதினீர்கள். இடுப்பில் கட்டியிருக்கிற முனியாண்டிக் கயிற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. அது நைலான், அதில் செப்புத் தாயத்து வேறு. அதை என்ன செய்தீர்கள்?

மலர்


பெர்மாஸ் ஜெயா
14.3.2025

அன்புள்ள மலருக்கு,

துணி வந்தது. நன்றாகவே தைத்திருக்கிறாய்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. கயிறு இடுப்பில்தான் இருக்கிறது. நாடாவுக்குக் கீழே தாயத்தை இறக்கிவிட்டு உள்ளே போய்விடுகிறேன். மிஸ்ஸி தினமும் கேட்கிறாள், நானும் ஒன்றுமில்லை என்கிறேன்.

பூசாரி அதைக் கட்டும்போது என்ன சொன்னார்? "இது இருக்கிற வரைக்கும் தண்ணி பக்கம் போகக்கூடாது. அவிழ்த்தா சத்தியம் போச்சு." அன்று முதல் ஒரு சொட்டு தொட்டதில்லை, நீயே சாட்சி. இங்கே தம்பி சோமு வீட்டு ஐஸ்பெட்டியைத் திறந்தால் முட்டைக்குப் பக்கத்தில் பீர் டின் நிற்கிறது. அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அவன் வீடு. என் கை தானாக இடுப்புக்குப் போகும், தாயத்து தட்டுப்படும், கதவைச் சாத்திவிடுவேன். காலுக்காகக் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பழையபடி உன்னையும் பிள்ளையையும் தெருவில் நிறுத்தவா? எனக்குப் பயமாக இருக்கிறது மலர்.

அர்ச்சுனன்


சாஆ
16.3.2025

லோஷினி அப்பாவுக்கு,

படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அந்த அறைக்குள் நீங்கள் மட்டுமா இருக்கிறீர்கள்? கூட ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் யார் குடியைக் கெடுத்தார்கள்? உங்கள் சத்தியத்துக்கு அவர்கள் வெந்து சாக வேண்டுமா? அறுபது வயதில் புத்தி இப்படியா போகும்.

நான் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அந்தக் கயிறு உங்களைவிட எனக்குத்தான் தேவைப்பட்டது. நீங்கள் தூங்கிய பிறகு உங்கள் இடுப்பைத் தொட்டு, அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன். ஏழு வருடமாக இதே வேலை. புருஷன் பக்கத்தில் படுத்திருக்கிறார் என்ற நிம்மதி எனக்கு இருந்ததே இல்லை. ஜெயில் வார்டருக்குக்கூட லீவு உண்டு. நான் களைத்துப்போய்விட்டேன்.

கோயிலுக்குப் போய்ப் பூசாரியைக் கேட்டேன். "கழட்டி ஓடுற தண்ணியில விடச் சொல்லுமா. ஊரைக் கொளுத்துறதுக்கா முனியாண்டி கயிறு கொடுத்தாரு?" என்றார். கட்டச் சொன்னவள் நான், அவிழ்க்கச் சொல்கிறவளும் நான்தான். மிஸ்ஸியிடம் உண்மையைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு குடிப்பதும் குடிக்காததும் உங்கள் பாடு. இனிமேல் நான் தடவிப் பார்க்க மாட்டேன்.

மலர்


பெர்மாஸ் ஜெயா
28.3.2025

அன்புள்ள மலருக்கு,

கயிற்றை அறுத்துவிட்டேன். மிஸ்ஸியிடமும் சொல்லிவிட்டேன். "அலமாக் அங்கிள், இவ்வளவு நாளும் இதைக் கட்டிக்கிட்டா உள்ள போனீங்க?" என்று கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் கூப்பிட்டுப் பேசும்வரை வெளியிலேயே நிறுத்திவைத்தார்கள். மறுபடி உள்ளே போனபோது எப்போதும் என் பக்கத்தில் உட்காரும் சீனக் கிழவர் இடம் மாறி உட்கார்ந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் குடித்தேன். இரண்டு டின். சோமு ஊற்றிக் கொடுக்கவில்லை, நானே எடுத்தேன். பார்த்துவிட்டு, "அண்ணிகிட்ட சொல்லிடாதண்ணே, ஒரு நாள்தானே" என்றான். மறுநாள் காலையில் மிஸ்ஸியிடம் சொன்னேன். அன்று உள்ளே விடவில்லை, ஒரு நாள் வைத்தியம் வீணாகிவிட்டது. மிச்ச டின்களைச் சோமு வேறு எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டான். இன்றைக்கு ஆசை இருக்கிறது. குடிக்கவில்லை. நாளைக்கு எப்படியோ, தெரியாது.

புண் ஓரத்தில் சிவப்பாகச் சதை வருகிறதாம். காலைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார் டாக்டர். நீ வீட்டுக்கு வர வேண்டாம் என்றால் சொல்லிவிடு. ஸ்கூடாயில் லோஷினி வீட்டில் ஓர் அறை இருக்கிறது, அங்கே போய்விடுகிறேன். உன்மேல் எனக்குக் கோபமில்லை.

அர்ச்சுனன்


சாஆ
2.4.2025

லோஷினி அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்து அழுதேன். உங்களைத் திட்டினேன். உங்கள் தம்பியைத் திட்டினேன். பிறகு நீங்கள் அனுப்பிய துணியை ஊறவைத்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து உங்கள் குடியை நான்தான் கண்டுபிடித்திருக்கிறேன். மோந்து பார்த்து, லாரி சீட்டுக்கு அடியில் துழாவி, கடைக்காரனிடம் விசாரித்து. பிள்ளை வந்து சொல்லிக்கூடத் தெரிந்துகொண்டிருக்கிறேன். கையில் டின்னோடு நின்றுகொண்டே இல்லை என்பீர்கள். நீங்களாக வாயைத் திறந்து குடித்தேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. சோமு மறைக்கச் சொல்லியும் சொல்லியிருக்கிறீர்கள்.

உங்களை நம்புகிறேன் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. எழுதினால் பொய்யாகிவிடும்.

லோஷினி வீட்டுக்குப் போக வேண்டாம். அவள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பவே இருட்டிவிடுகிறது, காலுக்கு யார் மருந்து போடுவது? வைத்தியம் முடிந்ததும் நேராக இங்கே வந்துவிடுங்கள். புதுக் கயிறு எதுவும் கட்ட மாட்டேன். குடித்துவிட்டு வந்தால் வாசலிலேயே குடித்தேன் என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்குச் சண்டை போடுவேன், மறுநாள் சோறு போடுவேன். அதற்குமேல் என்னிடம் தெம்பு இல்லை.

மலர்