கோட்டுக்கு நிற்கிறார்கள், ஆளுக்கு நிற்பதில்லை

அனுப்புநர்:
ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர் (ஓய்வு),
மாணவர்கள் அழைப்பது 'மாஸ்டர்',
கதவு எண் 41, தரைத்தளம்,
பொது மருத்துவமனைக்கு நேர் எதிர்.

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்,
ஓட்டுநர் உரிமம் மற்றும் தேர்வுப் பிரிவு,
போக்குவரத்து அலுவலகம்.

பொருள்: மருத்துவமனை எதிரே உள்ள பாதசாரிகள் கடக்கும் கோட்டில் வாகனங்கள் ஆளுக்கு வழிவிடாமை – நடக்க இயலாதோர் சாலை நடுவே சிக்கிக்கொள்வது – ஓட்டுநர் தேர்வில் உள்ள குறை – அதில் மனுதாரரின் பங்கு – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை:
1. எனது மனு, சென்ற மாதம் 2ஆம் தேதி.
2. தங்கள் அலுவலகப் பதில்: "மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டது."
3. உரிய துறையின் பதில்: "கோடுகள் புதிதாக வரையப்பட்டுவிட்டன."

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இருபத்தேழு ஆண்டுகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். நாலாயிரத்துச் சொச்சம் பேர் என் வலப்பக்கம் உட்கார்ந்து, என் தொண்டைத் தண்ணீரை வற்றவைத்து, தங்கள் அலுவலகத்தில் உரிமம் வாங்கியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலது காலும் வலது கையும் பாதி போயின. இப்போது நான்கு கால் வைத்த வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். நடக்கிறேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. வாக்கரைத் தூக்கி வைத்து, இடது காலை வைத்து, வலது காலை இழுத்துச் சேர்க்கிறேன்.

2. என் மனைவி எதிரே உள்ள மருத்துவமனையில் எண்பத்து மூன்று நாட்களாகப் படுத்திருக்கிறார். குளியலறையில் என்னைத் தாங்கி நிறுத்தும்போது அவர் கால் வழுக்கியது. நான் அவர் மேல் விழுந்தேன். எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. பார்வையாளர் நேரம் மாலை நான்கு முதல் ஐந்து வரை. என் வாசலில் நின்றால் இரண்டாம் மாடியில் இடமிருந்து மூன்றாவது ஜன்னல் தெரியும். அதுதான் அவர் படுக்கை. நடுவே இருப்பது ஒரு சாலை. ஐம்பது அடி.

3. அந்த ஐம்பது அடியைப் பற்றித் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். போக இரண்டு தடம், வர இரண்டு தடம், நடுவில் இரண்டரை அடி அகலத்தில் ஒரு சிமென்ட் திட்டு. சிக்னல் கிடையாது, வெள்ளைக் கோடு மட்டும் உண்டு. பாதிச் சாலையைக் கடக்க எனக்கு முப்பத்தாறு விநாடி வேண்டும். கைகால் நன்றாக உள்ளவருக்கு ஏழு விநாடி போதும். இந்த இருபத்தொன்பது விநாடி வித்தியாசத்தில்தான் ஐயா என் வாழ்க்கை மாட்டிக்கொண்டு நிற்கிறது.

4. நடைபாதையிலிருந்து இறங்கும் சாய்தளத்தை அடைத்துக்கொண்டு தினமும் ஒரு வண்டி நிற்கும். இன்று பார்சல் வண்டி, நாளை வேறொன்று. நான்கு விளக்கையும் மினுக்கவிட்டுவிட்டால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று ஒரு நம்பிக்கை. கேட்டால், "ரெண்டே நிமிஷம் சார், அவசரம்" என்கிறார்கள். எனக்கு மட்டும் அவசரம் இருக்காது என்பது அவர்கள் முடிவு. ஒரு ஓட்டுநர் நல்ல மனதோடு நின்று, "போங்க பெரியவரே" என்று கைகாட்டுவார். பக்கத்துத் தடத்தில் வருபவருக்கு அந்தக் கை தெரியாது. நின்ற வண்டியின் மறைவிலிருந்து நான் வெளியே வரும்போது அவர் அறுபதில் வருவார். நல்ல மனதும் சேர்ந்துதான் ஆளைக் கொல்லப் பார்க்கிறது.

5. ஹாரன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் போன்ற நோயாளிக்குத் திடீர்ச் சத்தம் கேட்டால் பாதிக்கப்பட்ட கால் விறைத்து மரக்கட்டையாகிவிடும். ஹாரன் அடித்தால் நான் வேகமாகப் போவேன் என்று நினைக்கிறார்கள். நான் அசையாமல் நின்றுவிடுகிறேன். நிற்பதைப் பார்த்து இன்னும் அடிக்கிறார்கள். "ஹாரன் அடிச்சா ஆள் தானா நகருவான், நீ கியரை மாத்தாதே" என்று நாலாயிரம் பேருக்கு வாய் கூசாமல் சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்பதையும் பதிவு செய்கிறேன்.

6. பார்வை 3இல் கண்டபடி கோடுகள் புதிதாக வரையப்பட்டது உண்மை. அதன் பலனையும் தெரிவிப்பது என் கடமை. பெயின்ட் காயும் வரை ஒரு பகல் முழுதும் வண்டிகள் தயங்கித் தயங்கி, கோட்டைச் சுற்றிப் போயின. டயரில் வெள்ளை ஒட்டிவிடும் என்ற பயம். அன்று ஒருநாள் நான் சிரமமில்லாமல் போய் வந்தேன். மறுநாள் பெயின்ட் காய்ந்துவிட்டது.

7. வாடகைக் காரில் போகலாமே என்று தங்களுக்குத் தோன்றலாம். திரும்பும் இடம் பாலத்துக்கு அப்பால் இருக்கிறது. மாலை நெரிசலில் போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆகிறது. ஐந்து மணிக்கு வார்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். முன்னதாகக் கிளம்பலாம் என்று கூப்பிட்டால், இந்தத் தூரத்துக்கு யாரும் வர ஒப்புவதில்லை. ஒரு ஓட்டுநர், "எதிர்ல இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் காரா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். எதிர்ப்பக்கம் மருந்துக் கடை வைத்திருப்பவர் நான்கு முறை வந்து கைபிடித்து அழைத்துப் போனார். நான்காம் முறை ஒரு பைக் அவர் முழங்கையை உரசிக்கொண்டு போனது. "மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. எனக்குச் சின்னப் பிள்ளைங்க இருக்கு" என்றார். தப்பாக நினைக்க இதில் ஒன்றுமில்லை.

8. இம்மாதம் 11ஆம் தேதி நடந்ததே இந்த மனுவின் மையம். மூன்றே முக்காலுக்குப் புறப்பட்டு நடுத்திட்டு வரை வந்துவிட்டேன். அங்கே முப்பத்து நான்கு நிமிடம் நின்றேன். வாக்கரின் அகலம் இரண்டடி, திட்டின் அகலம் இரண்டரை அடி. ஆகவே உட்காரவும் முடியாது, திரும்பவும் முடியாது. முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. பேருந்து போகும்போது அதன் காற்றிலேயே சட்டை ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளும். எத்தனையோ பேர் என் இருபுறமும் ஓடிக் கடந்து போனார்கள். சிறுநீர் முட்டியது. இதை அரசு அலுவலருக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அடக்க முடியாமல் போனது நடுரோட்டில், ஊர் பார்க்க. என் மனைவியும் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

9. கடைசியில் ஒரு சிவப்புக் கார் கோட்டுக்கு முன்னால் சுத்தமாக நின்றது. அடுத்த தடத்திலும் வண்டியில்லை. தெய்வமே வந்ததாக நினைத்து வாக்கரைக் கீழே இறக்கினேன். இறக்கிய மாத்திரத்தில் கார் கிளம்பி, வாக்கரின் முன்காலை வளைத்துவிட்டது. நான் திட்டின் மேலேயே சாய்ந்ததால் பிழைத்தேன். ஓட்டிய பெண் பதறிக்கொண்டு இறங்கினார். என்னைப் பார்த்ததும் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை அப்படியே தருகிறேன்: "ஐயோ மாஸ்டர், நீங்களா! நான் கோட்டுல நின்னுட்டுத்தானே எடுத்தேன்? நீங்க சொன்ன மாதிரி ரெண்டு எண்ணினேனே!"

10. ஐயா, அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. தங்கள் தேர்வு மைதானத்தில் பாதசாரிக் கோடு ஒன்று வரையப்பட்டிருப்பது தங்களுக்குத் தெரியும். அதில் இதுவரை ஒரு பாதசாரியாவது நடந்து நான் பார்த்ததில்லை. தேர்வாளர் தகரக் கொட்டகைக்குள் நாற்காலியில் இருப்பார். சக்கரம் நின்றதா என்று பார்த்து அட்டையில் ஒரு டிக் போடுவார். ஆகவே என் பள்ளியில் பாடம் இப்படி: கோட்டுக்கு முன் நிறுத்து, மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணு, எடு. மூன்று எண்ணினால் 'தயக்கம்' என்று மதிப்பெண் போய்விடும். கண்ணாடி பார்க்கச் சொன்னேன், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன், மேட்டில் ஹாஃப் கிளட்சில் நிறுத்தச் சொன்னேன். கோட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க ஒருநாளும் சொன்னதில்லை. இருந்திருந்தால்தானே சொல்ல? 'முதல் தடவையிலேயே தேர்ச்சி' என்று வாசலில் போர்டு வேறு வைத்திருந்தேன்.

11. அந்தப் பெண்ணின் வண்டி எண் எனக்கு மனப்பாடம். இங்கே எழுதவில்லை. சொல்லிக்கொடுத்ததை வரி பிசகாமல் செய்த மாணவியைத் தண்டிக்கச் சொல்ல எனக்கு வாயில்லை.

12. வளைந்த காலைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டு அடுத்த ஏழு நாட்களும் புறப்பட்டேன். இரண்டு நாள் மட்டுமே போய்ச் சேர்ந்தேன். மற்ற நாட்களில் திட்டில் நின்றபடி எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே வேறு வேலை இல்லை. நூற்றுக்கு எழுபது பேர் நிற்கவே இல்லை. நின்றவர்களில் பாதிப் பேர் ஒன்று, இரண்டு, எடு. என் பிள்ளைகளை என்னால் அடையாளம் காண முடிகிறது. அழகாக நிற்பார்கள், பிரேக்கில் குலுக்கல் இருக்காது, கண் நேராகக் கோட்டின் மேல் இருக்கும். என்னை மட்டும் பார்க்க மாட்டார்கள். ஒருவர் கிளட்சை விட்ட பக்குவத்தைப் பார்த்து ஒரு கணம் பெருமைகூடப் பட்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது அவமானமாக இருக்கிறது.

13. 19ஆம் தேதி மதியம் வார்டு நர்ஸ் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா ஜன்னல் பக்கம் வேணாம்னு சொல்லிட்டாங்க சார். உள்பக்கம் பெட் மாத்திட்டோம்" என்றார். பிறகு மனைவியிடம் கொடுத்தார். "நீங்க நடுரோட்டுல நிக்கிறதை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியல. அடிபட்டுச் செத்தீங்கன்னா அதையும் நான் இங்கேருந்தே பார்க்கணுமா? வராதீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார். முப்பத்தோரு ஆண்டு இல்லறத்தில் அவர் இந்த மாதிரி 'நல்லாத்தான்' சொன்னது இரண்டே தடவை. இரண்டு தடவையும் நன்றாக இருந்ததில்லை. நான் போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இடமிருந்து மூன்றாவது ஜன்னலில் இப்போது யாரோ ஒருவரின் துண்டு காய்கிறது.

14. மனைவியின் இடுப்பில் முதலில் வைத்த தகடு சேரவில்லை. வரும் 28ஆம் தேதி காலை மறு அறுவை சிகிச்சை. அவருடைய இதயம் பலவீனமாக இருப்பதால், "எதுக்கும் முந்தின நாள் வந்து பார்த்துட்டுப் போயிடுங்க" என்று மருத்துவர் தொலைபேசியில் சொன்னார். அந்த 'எதுக்கும்' நான்கு நாட்களாக என்னைச் சாப்பிட விடவில்லை.

15. ஆகவே தங்களிடம் நான் கோருவன:

(அ) தேர்வு மைதானத்தில் ஆளில்லாத கோட்டில் நின்றவருக்கு இனி உரிமம் வழங்கக் கூடாது. அந்தக் கோட்டில் ஆள் நடக்க வேண்டும். அதுவும் மெதுவாக நடக்கிற ஆள். ஊன்றுகோல் பிடித்தவர், கண் தெரியாதவர், சக்கர நாற்காலியில் வருபவர் எவராயினும் சரி. அவர் மறுபக்க நடைபாதையில் ஏறும் வரை பிரேக்கிலிருந்து காலை எடுத்தவரும், ஹாரனில் கை வைத்தவரும், அவருக்கு முன்னால் வளைத்துக்கொண்டு போனவரும் தேர்ச்சி பெறாதவர் என்று எழுத வேண்டும்.

(ஆ) அப்படிப்பட்ட ஆள் கிடைப்பது கடினம் என்று கோப்பில் குறிப்பு எழுத வேண்டாம். நானே வருகிறேன். ஊதியம் தேவையில்லை, காலை ஏழு மணி முதல் நடக்கத் தயார். என் மாணவர்களுக்கு விட்டுப்போன பாடம் இது ஒன்றுதான்.

(இ) மேற்கண்ட இரண்டுக்கும் ஆணை, சுற்றறிக்கை என்று மாதங்கள் ஆகும் என்பதை அறிவேன். மூன்றாவது கோரிக்கைக்குப் பத்து நிமிடம் போதும். 27ஆம் தேதி மாலை மூன்று ஐம்பதுக்குத் தங்கள் தேர்வாளர்களில் ஒருவர், அந்த அட்டையையும் பேனாவையும் கையில் பிடித்துக்கொண்டு, மருத்துவமனைக் கோட்டின் ஓரத்தில் வந்து நிற்க வேண்டும். கைகாட்ட வேண்டாம், விசில் வேண்டாம், யாரையும் மறிக்கவும் வேண்டாம். சும்மா நின்றால் போதும். பேனா பிடித்த கையைப் பார்த்தால் எங்கள் மாணவர்கள் நிற்பார்கள். அதை நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறோம். மற்றவர்களும் நிற்பார்கள் என்று நம்புகிறேன். நான் பாதிக்கு முப்பத்தாறு, மறுபாதிக்கு முப்பத்தாறு விநாடியில் கடந்துவிடுவேன்.

16. இந்தப் புகாரில் எதிர்த்தரப்பு யார் என்று தங்கள் அலுவலகம் கேட்குமானால், முதல் பெயராக என்னையே எழுதிக்கொள்ளலாம். விசாரணைக்கு அழைத்தால் வருவேன். விசாரணை நடக்கும் இடம் சாலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் முன்கூட்டித் தெரிவிக்கவும்.

17. 'வராதீங்க' என்று சொன்னவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனால், அறுவை சிகிச்சைக்குப் போகும்போது அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே போவார். வரவில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆம் அல்லது இல்லை என்று தாங்கள் ஒரு வரி எழுதினால் போதும், அதை வைத்து நான் அவருக்குச் சொல்லிவிடுவேன்.

அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம், இடது கையால்)
மாஸ்டர்

நாள்: 23ஆம் தேதி, மாலை மணி 4.10
இடம்: சாலையின் இந்தப் பக்கம்