பொந்து விழுந்த மரம்

மார்ச் 4

தங்கையின் நாவல் வந்துவிட்டது. என் மரக்கடைக்குப் பலகை எடுக்க வந்த தச்சர்கூடக் கேட்டுவிட்டார்: "உங்க குடும்பக் கதையாமே முதலாளி?" நான் இன்னும் பிரித்தே பார்க்கவில்லை. சிரித்து வைத்தேன்.

மார்ச் 6

படித்து முடித்தேன். அப்பா இருக்கிறார். அம்மா இருக்கிறாள். நொண்டிப் பூனைகூட இருக்கிறது. அண்ணன் இல்லை.

அப்பா போன பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மரம் சுமந்தது யார்? அவளைப் படிக்க வைத்தது யார்? நாவலில் அவள் தானாகவே வளர்ந்துவிடுகிறாள், களைச்செடி மாதிரி. இதையும் என் வீட்டு மாடி அறைக்கு வந்து உட்கார்ந்துதான் எழுதினாள். வேளாவேளைக்கு டீ மேலே போனது.

மார்ச் 7

போன் செய்தேன். "இதுல நான் எங்க?"

"என்னண்ணா, புரியலையா? வீட்டுக்குப் பின்னால ஒரு மரம் நிக்குதே. அது நீதான்."

மரமாம். ஏன்டா மரம் மாதிரி நிக்கிற, மரமண்டை — சின்ன வயதில் லாரிக்காரர்களிடம் கேட்காத பேச்சா? இப்போது அச்சிலும் ஏறிவிட்டது.

அதுவும் எப்பேர்ப்பட்ட மரம்? பொந்து விழுந்த மரம். கிளி, அணில், ஆந்தை என்று ஊரே உள்ளே குடியிருக்கிறது. நடுவில் வைரம் பாயாத மரத்தை எந்த வியாபாரியும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான். அதையே அவளிடம் சொன்னேன்.

"அதனாலதாண்ணா யாரும் அதை வெட்டல. அத்தனையும் பொழச்சுது."

"எதுக்கும் ஆகாதவன்னு சொல்ற. சரி. மாடி அறையில பிளைவுட் அடுக்கப் போறேன். இனிமே வேற எங்கயாவது போய் எழுதிக்க."

போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 8

பிளைவுட் லோடு வந்தது. வாசலிலேயே கிடக்கிறது. ஆத்திரம் அடங்கவில்லை.

மார்ச் 11

மனைவியும் கட்சி மாறிவிட்டாள். "உள்ள இடம் இருக்கப்போய்த்தானே அத்தனையும் வந்து தங்குச்சு? அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிறீங்க?"

"நீயும் ஒரு நாவல் எழுதேன்" என்றேன். தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

அண்ணன். ஒரே ஒரு வார்த்தை. எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

மார்ச் 12

மரம் வருகிற அத்தியாயத்தை மறுபடி படித்தேன். குஞ்சுகள் விழித்துவிடும் என்று காற்றிலும் அசையாமல் நிற்கிறதாம் மரம். படிக்கும்போதே சுத்தப் பொய் என்று எரிச்சல். மரமாவது, அப்படி நினைப்பதாவது.

பிறகுதான் உறைத்தது. அப்போது அவளுக்கு ஆறு வயது. மர லாரியில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எழுந்துவிடுவாளே என்று வழி நெடுக நான் தோளை அசைக்கவில்லை. தூங்கியவளுக்கு எப்படித் தெரியும்?

தூங்கவில்லையா அப்போது? கழுதை.

மார்ச் 15

பிளைவுட்டைக் கடையின் பின்பக்கமே அடுக்கச் சொல்லிவிட்டேன். மாடியில் ஈரம், சரக்கு உப்பிவிடும் என்றேன்.

"ஈரமா?" என்றாள் மனைவி.

கோபம் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. மாடி அறையில் விசிறி கடகடவென்கிறது, எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சத்தத்தில் யாரால் உட்கார்ந்து எழுத முடியும்.