நான் இறங்கிய பிறகுதான் மருந்து

மார்ச் 4, செவ்வாய்

உறுதியானது: பத்துக்குப் பத்து பொருந்துகிறது. தங்கைக்கு எலும்பு மஜ்ஜை கொடுக்கக்கூடிய ஆள் நான்தான். தகவல்: அவள் சிகிச்சை பெறும் மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளர், தொலைபேசியில், காலை 11.10. எழுத்தில் 11.40-க்கு வந்தது.

அவள் இருப்பது கடலுக்கு அப்பால். விமானத்தில் நாலு மணி இருபது நிமிடம். கப்பல் உண்டா என்று விசாரித்தேன். சரக்குக் கப்பல்தான், பதினொரு நாள், ஆள் ஏற்றமாட்டார்கள்.

நான் விமானம் ஏறிப் பத்தொன்பது வருடம் ஆகிறது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மதியம் சாப்பிட்டேன். குடிநீர் வாரியக் கூட்டச் செய்தியைப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 5, புதன்

தலைமை மருத்துவர் பேசினார். தங்கையின் ரத்தப் புற்றுநோய் இப்போது அடங்கியிருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதி வரை அடங்கியிருக்கலாம் என்பது அவர் கணிப்பு. முதலில் கடுமையான மருந்து கொடுத்து அவளுடைய மஜ்ஜையை முழுவதும் அழிப்பார்கள். பிறகு என்னுடைய அணுக்களை ஏற்றுவார்கள். நடுவில் நான் வராமல் போனால் திரும்ப வழியில்லை. ஆகவே ஒரு நிபந்தனை: நான் அங்கே வந்து இறங்கிய பிறகுதான் மருந்தைத் தொடங்குவார்கள்.

கொடுப்பவர் எல்லாருக்கும் இதே நிபந்தனையா என்று கேட்டேன். இல்லையாம். நோயாளியே கேட்டுக்கொண்டாராம்.

தங்கையை அழைத்தேன். “நீதான் சொன்னியா?”

“ஆமா. உன்னை எனக்குத் தெரியாதா?”

கோபமாகச் சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அவள் கணவர் இறந்தபோது விமான நிலைய வாசல்வரை போய்த் திரும்பினேன். அடக்கத்தைக் கைபேசியில் பார்த்தேன். இன்றுவரை அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றும் பேசவில்லை.

27-ந்தேதிக்குப் பயணச்சீட்டு எடுத்தாயிற்று.

மார்ச் 8, சனி

நாலு நாளில் முப்பத்தொரு விமான விபத்து விசாரணை அறிக்கைகளைப் படித்து முடித்தேன். எனக்குத் தெரிந்த வேலை இதுதான் — விவரம் தெரிந்தால் பயம் போகும் என்று நினைத்தேன். இப்போது இன்னின்ன விதத்தில் விழும் என்பது தேதிவாரியாகத் தெரியும்.

மனைவி பார்த்துவிட்டு, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறீர்களே, எதில் பாஸாகப் போகிறீர்கள் என்றாள். எல்லாவற்றையும் அழித்தேன். படித்தது அழியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் மனைவி ஜெபக் குழுவில் சொல்லிவிட்டாள். வாசலுக்கு வருவதற்குள் ஆறு பேர் கையைப் பிடித்து, பயப்படாதீர்கள் என்றார்கள். நன்றி சொன்னேன்.

ஏழாவதாக வந்தவர் அப்படிச் சொல்லவில்லை. பின் வரிசையில் உட்காருகிறவர், முப்பது வருடம் விமானப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். “தம்பி, எந்தச் சத்தத்துக்குப் பயம்?” என்றார். யோசித்தேன். ஏறினதும் இஞ்சின் சத்தம் குறையுமே, அது. நின்றுவிட்டது என்று தோன்றும்.

“நிக்கல. மூச்சு வாங்குது. புதன்கிழமை வீட்டுக்கு வா.”

மார்ச் 12, புதன்

மெக்கானிக் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு மணி நேரம். ஒரு தாளில் பதினோரு சத்தங்களை வரிசையாக எழுதித் தந்தார். எது எப்போது வரும், எத்தனை நொடி, என்ன நடக்கிறது. மூன்றாவது, காலடியில் ‘தட்’: சக்கரம் உள்ளே போகிறது. ஐந்தாவது, இஞ்சின் தணிவது.

இது தவிர: நடைபாதை ஓர இருக்கை, இறக்கைக்குப் பக்கத்தில். முந்தின நாளிலிருந்து காப்பி கூடாது. மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடவேண்டும். ஏறியவுடனே பணிப்பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும். ஐம்பத்தாறு வயதில் அதைச் சொல்ல வெட்கமாக இருக்காதா என்றேன். தன் மகளுக்குப் பிரசவம் ஆனபோது இவர்தான் மயங்கி விழுந்தாராம். அந்த ஆஸ்பத்திரியில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்களாம்.

சனிக்கிழமை ஐம்பது நிமிடப் பயணம் ஒன்று, ஒத்திகை. அவரும் வருகிறார்.

மார்ச் 15, சனி

இறங்கிவிட்டேன்.

கதவு மூடுவதற்கு முன்னால். எழுந்தது தெரியவில்லை, நடந்தது தெரியவில்லை. ஏணிப்படியில் நிற்கும்போதுதான் பெல்ட்டை இறுகப் பிடித்திருந்த தடத்தை என் கையில் பார்த்தேன். எத்தனை பேர் ஜெபம் பண்ணாங்க. என்ன பிரயோஜனம்? அவ செத்துப் போவா. நான் இங்க உக்காந்து அதையும் போன்ல பாப்பேன். அவ்வளவுதானே?

மெக்கானிக் ஜன்னலோரம் மாட்டிக்கொண்டு அந்த ஊருக்கே போய்விட்டார். மதியம் அழைத்தார். “தம்பி, இங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம்னு உன் ஆபீஸ்ல யாராவது சொல்வாங்களா?”

திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

போதகர் அறைக்குப் போனேன். முப்பத்தைந்து வயதுக்காரர், மேசை நிறையக் கூரை பழுதுபார்க்கும் ரசீதுகள். நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு விமான விபத்துக்குச் செய்தி எடுக்கப் போனேன். பிழைத்தவர்கள் பட்டியல் ஒரே ஒரு ஊழியரிடமிருந்து கிடைத்தது. இன்னொருவரிடம் சரிபார்க்கவேண்டும். போட்டிக்காரர்கள் முந்திவிடுவார்கள் என்று அப்படியே கொடுத்தேன். அதில் ஒரு பெயர் தவறு. அந்த ஆளின் மனைவி அலுவலகத்துக்கு அழைத்து எனக்கு நன்றி சொன்னார். நாலு மணி நேரம் கழித்து சவக்கிடங்கிலிருந்து உண்மை வந்தது. மறுநாள் திருத்தம் போட்டோம், இரண்டு வரி. அந்த அம்மாவிடம் நான் பேசவில்லை.

அதிலிருந்து எனக்கென்று ஒரு விமானம் காத்திருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். ஏறும் நாளில் கர்த்தர் கணக்கைத் தீர்த்துக்கொள்வார். இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் ரசீதுகளை ஓரமாக ஒதுக்கி வைத்தார். பிறகு கேட்டார்: “ஐயா, அந்த விமானத்துல எத்தனை பேர் இருப்பாங்க?”

நூற்றெண்பது இருக்கும் என்றேன்.

“உங்க ஒருத்தர தண்டிக்க, மத்த நூத்தி எழுபத்தொம்பது பேரையும் கொன்னுடுவாரா? நீங்க யாரைக் கும்பிடறீங்க?”

முப்பது வருடம் மற்றவர்களிடம் கேள்வி கேட்ட ஆள் இதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

எப்படி ஜெபிக்கிறேன் என்றும் கேட்டார். பத்திரமாகப் போய்ச் சேருவேன் என்று ஒரு அடையாளம் காட்டும்படி கேட்பேன், அது உறுதிப்படும்வரை விடமாட்டேன் என்றேன். அது ஜெபமா பேட்டியா என்றார். என்னையறியாமல் சிரித்தேன். பயத்தை எடுக்கச் சொல்லிக் கேட்கவேண்டாம், அடுத்த பத்து நிமிடத்துக்கு மட்டும் கூட இருக்கச் சொல்லிக் கேளுங்கள். அது தீர்ந்ததும் மறுபடி கேளுங்கள். இவ்வளவுதான் சொன்னார். கடைசியில் அந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை: “அது தனி. அதை நீங்க செஞ்சாகணும்.”

மார்ச் 19, புதன்

பழைய அலுவலகக் கோப்பிலிருந்து முகவரி எடுத்து அந்த அம்மாவுக்குக் கடிதம் போட்டேன். ஒரு பக்கம். காரணம் எதுவும் எழுதவில்லை, நடந்ததை மட்டும்.

மார்ச் 22, சனி

போனேன். ஐம்பது நிமிடம். மெக்கானிக் இம்முறை என்னை ஜன்னலோரம் தள்ளிவிட்டு, நடைபாதைப் பக்கம் அவர் உட்கார்ந்துகொண்டார். ரயிலில் திரும்பினோம்.

மார்ச் 25, செவ்வாய்

மனைவிக்கு விசா வரவில்லை. தனியாகத்தான். பெட்டி கட்டியாயிற்று. தூக்கம் வருகிறது, பசிக்கிறது. என் உடம்பு வேறு யாருடையதோ போல இருக்கிறது.

மார்ச் 27, வியாழன் — விமானத்தில்

9.50. பணிப்பெண்ணிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இருக்கை எண்ணைக் கையில் எழுதிக்கொண்டார்.

10.05. கதவு மூடியது. உட்கார்ந்திருக்கிறேன்.

10.21. கிளம்பியது. முதல் பத்து நிமிடத்துக்குக் கேட்டேன். பக்கத்தில் வேலைக்குப் போகிற ஒரு வெல்டர். விமானம் தரையை விடுவதற்கு முன்பே குறட்டை. இவ்வளவு நிம்மதி நியாயமில்லை.

மூன்றாவது சத்தம் வரவில்லை. இருபது நொடி என்று தாளில் இருக்கிறது, முப்பது எண்ணிவிட்டேன், ஆண்டவரே ஏன் வரல, ஏன் — வந்தது. ‘தட்’.

10.40. ஐந்தாவது. மூச்சு வாங்குகிறது.

11.20. கீழே கடல். ஆறு முறை கேட்டாயிற்று. கூட யாரோ இருப்பதாக உணர்ந்தேனா? இல்லை. இல்லாததை எழுதமாட்டேன். ஆனால் ஒவ்வொரு பத்து நிமிடமும் முடிந்தது.

1.15. குலுங்கியது. பணிப்பெண் வந்து பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். யாரைப் பார்க்கப் போகிறேன் என்று கேட்டார். தங்கை என்றேன். என்ன செய்கிறாள்? ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர், சின்ன வயதில் என் கணக்கு வீட்டுப்பாடத்தையும் அவள்தான் போடுவாள், என்னைவிட நாலு வயது சின்னவள் — சொல்லும்போது அழுகை வந்தது. இந்த மாதத்தில் முதல் தடவை.

மணி பார்க்கவில்லை. எத்தனை முறை கேட்டேன் என்பதும் விட்டுப்போயிற்று.

2.41. தரை.

மார்ச் 28, வெள்ளி

தங்கையைப் பார்த்தேன். முடி இல்லை. முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும். என் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

“வந்துட்டியா” என்றாள். அவ்வளவுதான்.

அவளே நர்ஸைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை மருந்தைத் தொடங்கலாம் என்று மருத்துவரிடம் சொல்லச் சொன்னாள்.

மார்ச் 31, திங்கள்

காலை 8.30-க்குத் தொடங்கினார்கள்.

ஏப்ரல் 7, திங்கள்

ரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தில் ஐந்து மணி நேரம் படுத்திருந்தேன். ஒரு கையிலிருந்து ரத்தம் போய் மறு கையில் வந்தது. மாலை 4.10-க்கு அவளுக்கு ஏற்றினார்கள். தக்காளிச் சாறு நிறத்தில் ஒரு சின்னப் பை.

ஏப்ரல் 9, புதன்

தங்கை தனிமை அறையில். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், இடையில் தொலைபேசி. வாயெல்லாம் புண், பேச முடியவில்லை. நான் பேசினேன். நான் இறங்கிவிட, மெக்கானிக் தனியாக அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னேன். தோள் குலுங்கியது; சிரிப்பு என்று நினைக்கிறேன். அவள் கணவர் அடக்கத்துக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணாடியில் வைத்திருந்த கையை எடுக்கவில்லை.

ஒருங்கிணைப்பாளர் ஒரு படிவம் கொண்டுவந்தார். அணுக்கள் போதாவிட்டால் ஜூனில் நான் மறுபடி வரவேண்டியிருக்கலாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகுதான் அது எவ்வளவு தூரம் என்பது நினைவுக்கு வந்தது.

இதுவரை தெரியாதது: என் அணுக்கள் அவள் உடம்பில் பிடித்தனவா என்பது. இன்றைய வெள்ளை அணு எண்ணிக்கை 0.1, கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. தலைமை மருத்துவர் சொல்வது: 21-ந்தேதிக்கு முன் ஏறாது, பிடித்திருந்தால் 28-க்குள் ஏறவேண்டும். ரத்தம் தினமும் காலை ஆறு மணிக்கு எடுக்கிறார்கள். முடிவு ஒன்பதுக்கு வரும்.