எரிமண் அடுக்கிய கை

பாலினா
செப்டம்பர் 9, 1987

அன்புள்ள டெலியாவுக்கு,

நான் நலம். நீயும் உன் திமிர் பிடித்த பூனையும் நலம்தானே?

நல்ல சேதி! பன்றிக்கறி ஆலை மூடியதிலிருந்து இழுத்தடித்துக்கொண்டிருந்த வேலையில்லாதோர் உதவித்தொகை ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன், "வேலை தேடுறீங்களா?" என்று கேட்டான். "நான் தேடுறேன் தம்பி, அதுதான் என்னைத் தேட மாட்டேங்குது" என்றேன். வரிசையே சிரித்தது.

இன்னொன்று. கணப்பில் எரிக்க என் சதுப்பில் வெட்டிய எரிமண் கட்டிகள் இந்த வெயிலில் சுக்காகக் காய்ந்துவிட்டன. அண்ணன் வீட்டில் எண்ணெய் அடுப்பு வாங்கிவிட்டார்கள். அங்கே நான் இருப்பதே இடைஞ்சல், இதில் எரிமண் வேறா? ஒரு டிராக்டர் பெட்டி நிறைய உனக்குத்தான். வெள்ளிக்கிழமை நீ அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வருவதற்குள் உன் வடக்குச் சுவரோரம் இருக்கும். வேண்டாம் என்று எழுதாதே.

ஜூலையில் நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. நம் இருவருக்கும் ஒரு வீடும் ஒரு கணப்பும் போதாதா?

அன்புடன்,
மாலக்கி


கில்பிரைட்
செப்டம்பர் 14

அட மண்டு மாலக்கி,

பார்த்தேன். ஒரு துளி மழை உள்ளே போகாது, அவ்வளவு அழகாக அடுக்கியிருக்கிறாய். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கொட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா, மனுஷா? வெளி வரிசையை மீன்முள் மாதிரி சாய்த்து வைப்பது உன் குடும்பத்துக் கை என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? இங்கே ஒருவன் ஒருத்தியின் சுவரோரம் எரிமண் அடுக்கினால் அவள் அவனுடைய தாய், இல்லை உடன்பிறந்தவள், இல்லை பெண்டாட்டி. நான் என்ன உன் தாயா?

கடையில் பிரிஜெட், "என்னடி டெலியா, கல்யாணக் கேக்குக்கு முட்டை எடுத்து வைக்கட்டுமா?" என்கிறாள். தபால்காரன் கண்ணடிக்கிறான்.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. பேச்சு நல உதவி அலுவலகம் வரை போய்விட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வீட்டுக்கு வருகிறாளாம். விதவைப் பணமும் குளிர்கால எரிபொருள் படியும் தனியாக இருப்பவளுக்குத்தான். ஆண் துணை உண்டு என்று எழுதிவிட்டால் இரண்டும் போச்சு. என் டாம் கண்ணை மூடியதிலிருந்து அந்தப் பணத்தில்தான் ஓட்டுகிறேன். உனக்குப் பதில் எழுதாததும் அதனால்தான். மனம் இல்லாமல் இல்லை. பயம், மாலக்கி.

டெலியா


பாலினா
செப்டம்பர் 16

டெலியா கண்ணே,

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வந்து அத்தனையையும் கலைத்துப்போடக் கிளம்பினேன். "கலைச்சா இன்னும் சந்தேகம்தாண்டா வரும், மடையா" என்று அண்ணன் தடுத்தான். அவன் பிறந்ததிலிருந்து சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

மாலக்கி கூலிக்கு அடுக்கினான் என்று அவளிடம் சொல்லிவிடு. ஐயோ, வேண்டாம்! கூலி வாங்கினேன் என்றால் என் உதவித்தொகைக்கு வேட்டு. பைத்தியக்காரன், சும்மா வந்து அடுக்கினான் என்று சொல். அவன் எனக்கு யாருமில்லை என்று சொல். கையெழுத்துக் கேட்டால் போட்டுவிடு. கோபிக்க மாட்டேன். ஜூலையில் கேட்டதையும் மறந்துவிடு. உன்னைக் குளிரில் உட்காரவைத்துவிட்டு எனக்கென்ன கல்யாண ஆசை? இனி அந்தப் பக்கமே வரமாட்டேன்.

மாலக்கி


கில்பிரைட்
செப்டம்பர் 22

மாலக்கி, மாலக்கி,

அந்த ஆய்வாளர் காலையில் வந்துவிட்டுப் போனாள்.

சின்னப் பெண். மூக்கு சிவக்க வந்தாள், தேநீரும் சோடா ரொட்டியும் கொடுத்தேன். "அந்த அடுக்கு யாரும்மா அடுக்கினது?"

"மாலக்கி."

"இங்க தங்குறாரா?"

"ஒரு நாள்கூட இல்ல. வருவான், தேநீர் குடிப்பான், வாயடிப்பான், போயிடுவான்."

அவள் நம்பினாள். நம்பினாள், மாலக்கி! "அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா. அவர் உங்களுக்கு யாருமில்லைன்னு எழுதிக்கிறேன். கீழ ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

பேனாவை வாங்கினேன். போட்டுவிடத்தான் நினைத்தேன், நீயும் சொல்லியிருந்தாயே. குளிர்காலம் முழுக்கக் கவலையில்லை. ஆனால் 'யாருமில்லை' என்று எழுதியதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் உன் மேல்தான். எப்படியடா அதைச் சொல்லச் சொன்னாய்?

"இது பொய்ம்மா. வேற எழுதுங்க" என்றேன்.

"என்னன்னு எழுத?"

"டெலியா இன்னிக்கு வரைக்கும் தனியாத்தான் இருக்கா. அடுத்த மாசம் மாலக்கியைக் கட்டிக்கப் போறா. அப்படி எழுதுங்க."

அவள் பேனாவை வைத்துவிட்டாள். "ரெண்டும் நின்னு போகும்மா. நல்லா யோசிச்சீங்களா?"

"ஜூலையில இருந்து அதைத்தானே யோசிக்கிறேன், பொண்ணே!"

அவள் சிரித்துவிட்டாள். உன் உதவித்தொகையில் மனைவியையும் சேர்க்க விண்ணப்பிக்கலாமாம். வருவது சொற்பம்தான். சிக்கனமாக இருப்போம், சண்டை போடுவோம், உன் கதைகளைக் கேட்டு எனக்குத் தலை வலிக்கும். எனக்குச் சம்மதம். கேட்டதை மறக்கச் சொல்ல நீ யார்?

பாதிரியாரிடமும் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாணத்துக்கு நம் பெயர்களை அறிவிப்பார். நீ கட்டாயம் வர வேண்டும். வழக்கம்போலக் கதவோரம் ஆண்களோடு நின்று பாதியில் நழுவிவிடாதே. ஊரே திரும்பிப் பார்க்கட்டும், நேராக நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்.

உன்
டெலியா